பெயருக்கு விட்ட இடம்

புதன்கிழமை காலைக் கூட்டத்தில், லிந்துலைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல் டிவிஷனில், கடந்த ஒரு மாதமாக ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை என்று புள்ளிவிவரம் பார்க்கிற றொனால்ட் அறிவித்தான். சும்மா வாயால் சொல்லவில்லை. நீலமும் மஞ்சளுமாக ஒரு வரைபடம் போட்டு, அதைச் சுவரில் ஆளுயரத்துக்கு விழவைத்து, கையில் ஒரு குச்சியும் வைத்துக்கொண்டு சொன்னான். குச்சி தேவையே இல்லை. இருந்தாலும் குச்சி இருந்தால் ஒரு களை வருகிறது என்பது அவனுடைய கணிப்பு.

தலவாக்கலை டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் தாய்சேய் போஷாக்குத் திட்ட அலுவலகம். கீழே பணிஸ் வேகிற வாசனை வரும்போதெல்லாம் மேலே போஷாக்கைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சிரமம். அன்றைக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. திட்டப் பொறுப்பாளர் சுகிர்தம் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“ஒண்ணுகூடவா பிறக்கல?”

“பூஜ்யம் மேடம்,” என்றான் றொனால்ட், தானே பெற்றெடுத்த பூஜ்யம் மாதிரி.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. நிரோஜினி மிஸ் எழுந்தார். அந்தத் தோட்டத்து லயங்களுக்கெல்லாம், அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம், மருத்துவிச்சி அவர்தான். மூன்று வாரப் பயிற்சிக்குக் கண்டிக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

“அப்ப நான் கண்டிக்குப் போறதுக்கு மொத நாள் ஆறாம் லயத்துல நிறுத்துப் பாத்தது என்னங்க, பூனைக்குட்டியா?”

மொத்தக் கூட்டமும் சிரித்தது. றொனால்டும் சேர்ந்து சிரித்தான். அவமானப்படும்போது முதல் ஆளாகச் சிரித்துவிடுவது அவனுடைய பழக்கம். அடி பாதியாகக் குறையும்.

“டேட்டா அப்பிடித்தான் மிஸ் சொல்லுது.”

“டேட்டாவுக்கு வாய் இருக்கா? இருந்தா என் முன்னுக்கு வந்து சொல்லச் சொல்லுங்க.” சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. சிரிப்பு அவரிடமிருந்து எங்கோ போய்விட்டது. “கொஞ்சம் பொறுங்க. இந்த மூணு வாரமா வீட்டுக்கு வீடு போய் நிறுக்கிற லிஸ்ட் யாரு போட்டது?”

றொனால்ட் குச்சியைக் கீழே வைத்தான்.

அவன்தான் போட்டது. அதுவும் வலியப் போய்க் கேட்டு வாங்கிய வேலை. அதுவரை நிரோஜினி மிஸ் எந்தப் பிள்ளையை எப்போது நிறுக்க வேண்டும் என்பதை ஒரு பழைய நோட்டில் தன் கையால் எழுதி வைத்திருந்தார். அட்டை கிழிந்து, மழையில் நனைந்து, ஊறின பப்படம் மாதிரி ஆகியிருந்தது அந்த நோட்டு. “இன்னும் இதைத் தூக்கிக்கிட்டுத் திரியிறீங்களே மிஸ்! நான் இருக்கேன்ல. கொம்பியூட்டர்ல லிஸ்ட் போட்டுக் குடுக்கிறேன். நிம்மதியா போய்ட்டு வாங்க,” என்று அவன் சொன்னது, இப்போது அவன் காதுக்குள்ளேயே திரும்ப ஒலித்தது. அவருக்குப் பதிலாக வந்தவர் கொட்டகலைப் பக்கத்து மருத்துவிச்சி. ஊர் தெரியாது. பாவம், லிஸ்டைப் பார்த்து லிஸ்டில் இருந்த வீட்டுக்கெல்லாம் போனார். இல்லாத வீட்டுக்கு எப்படிப் போவார்?

கூட்டம் முடிந்ததோ இல்லையோ, றொனால்ட் தன் மேசைக்கு ஓடினான். ஓடின வேகத்தில் மேசை ஆடியது. எப்போதும் ஆடுகிற மேசைதான். ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் நான்காக மடித்து வைத்திருந்த தாளை அப்போதுதான் அவன் ஒரு மனிதனுக்குரிய கவனத்தோடு பார்த்தான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் முத்துலிங்கம் என்று ஒரு கிளார்க். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிள்ளைகளின் நிறையெல்லாம் அடங்கிய ஒரு கொம்பியூட்டர்க் கோப்பை அவர்தான் அனுப்புவார். படமில்லை, கட்டமில்லை, கமாகூடக் கிடையாது. வெறும் எழுத்தும் இலக்கமும். ஒரு பிள்ளையை ஒரு தடவை நிறுத்தால் ஒரு வரி. ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரே நீளம், ஒவ்வொன்றுக்கும் எண்ணி வைத்த இடம். முதல் கோப்போடு அந்த இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருந்தார். “இது இல்லாம தொறக்காதீங்க தம்பி,” என்றும் சொல்லியிருந்தார். றொனால்ட் “சரிண்ணே” என்று மரியாதையாக வாங்கினான். அன்றைக்கு மேசை ரொம்பவும் ஆடியது.

தாளை உருவினான். மேசை சாய்ந்து தேநீர்க் கோப்பை சரிந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

முத்துலிங்கத்தின் முத்து முத்தான கையெழுத்து. ஒன்று முதல் நான்கு வரை அட்டை நம்பர். ஐந்து சும்மா விட்ட இடம். ஆறு முதல் இருபத்தைந்து வரை பிள்ளையின் பெயர். அப்புறம் லயத்தின் நம்பர், பிள்ளைக்கு எத்தனை நாள், எத்தனை கிராம், தாயின் வயது. பெயருக்கு நேரே சிவப்புப் பேனாவில் ஒரு குறிப்பு: ‘முப்பது நாள் கழியாத பிள்ளைக்குப் பேர் இருக்காது. அந்த இருபது இடமும் வெறுமையாக இருக்கும்.’

றொனால்ட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

புள்ளிவிவர மென்பொருள் ஒரு கோப்பைத் திறக்கும்போது முதலில் ஒரு கேள்வி கேட்கும். இடைவெளி கண்ட இடத்தில் வெட்டவா, இல்லை இடத்தை எண்ணி வெட்டவா? எண்ணி வெட்டுவதென்றால் எந்த இடத்தில் எது தொடங்குகிறது என்று நாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. றொனால்ட் முதல் பத்து வரியைப் பார்த்தான். பெயர்களெல்லாம் ஒற்றைச் சொல், நடுநடுவே அழகான இடைவெளி. ‘இடைவெளியில் வெட்டு’ என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மிச்சமான பத்து நிமிடத்தில் கீழே போய் ஒரு பணிஸ் சாப்பிட்டான்.

பெயர் வைத்த பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. பெயர் வைக்காத பிள்ளையின் வரியில் அந்த இருபது வெற்றிடத்தையும் மென்பொருள் ஒரே இடைவெளி என்று நினைத்துவிட்டது. மீதியெல்லாம் ஒரு படி முன்னால் நகர்ந்துவிட்டன. லயத்தின் நம்பர் போய்ப் பெயரின் இடத்தில் உட்கார்ந்தது. நாள் போய் லயத்தில் உட்கார்ந்தது. நிறை போய் நாளில் உட்கார்ந்தது. தாயின் வயது போய் நிறையில் உட்கார்ந்தது. இருபத்துநான்கு வயதுப் பெண்ணின் பிள்ளைக்கு இருபத்துநான்கு கிராம் நிறை. ஒரு சவர்க்காரக் கட்டியில் கால்வாசி. ஐந்நூறு கிராமுக்குக் குறைவாக எது வந்தாலும் அது டைப்பிங் பிழை, என்னைக் கேட்காமல் தூக்கிவிடு என்று ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தான் றொனால்ட். மென்பொருள் அவனைக் கேட்கவில்லை. தூக்கிவிட்டது.

இதில் அவனுக்கு நெஞ்சில் இறங்கின விஷயம் வேறு. கொழும்பிலிருந்து வந்த ஒருவன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் பாவம் தெரியாது என்று விட்டுவிடலாம். றொனால்ட் லயத்தில் பிறந்து, வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விடுகிற அறையான பிள்ளைக்காம்பராவில் தொட்டிலாடி வளர்ந்தவன். பக்கத்துக் காம்பராக்களில் தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கிற முப்பதாம் நாளுக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தவன். அன்றைக்குத்தானே பாயசம். பாயசம் ஞாபகம் இருந்தது, அதற்கு முந்தின இருபத்தொன்பது நாள் மறந்துபோய்விட்டது.

இடத்தை எண்ணி வெட்டச் சொல்லி மறுபடியும் கோப்பைத் திறந்தான். மேல்கணக்கின் பிள்ளைகள் எண்பத்தெட்டாக இருந்தது, கண் முன்னாலேயே தொண்ணூற்றொன்பதானது. பதினொரு பிள்ளைகள். பெயர் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. பத்துப் பிள்ளைகளை வீட்டில் யாரோ ஒருவர் வியாழக்கிழமை கிளினிக்குக்குத் தூக்கி வந்து நிறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அட்டை நம்பர் 0417. ஆறாம் லயம். நான்கு நாள். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நிரோஜினி மிஸ் ஃபோனை எடுத்து அந்த வீட்டு நம்பரை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. பிறகு அலமாரியைத் திறந்து, கொக்கி போட்ட சின்னத் தராசையும் பிள்ளையைப் போடுகிற துணித் தூளியையும் தன் பழைய நோட்டையும் எடுத்துப் பையில் திணித்து, பையை றொனால்டின் மடியில் வைத்தார்.

“தூக்குங்க கொம்பியூட்டர் சார். போவோம்.”

த்ரீவீலர் ஃபெக்டரி வரைக்கும்தான் போகும். அதற்கு மேல் தேயிலைக்குள்ளே ஏறுகிற குறுக்குப் பாதை. மத்தியானமே பனிமூட்டம் இறங்கியிருந்தது. மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நிரோஜினி மிஸ் ஐம்பதை நெருங்குகிறவர், படிகளில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினார். முப்பத்துநான்கு வயது றொனால்ட் பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று, இயற்கையை ரசிப்பது போல மூச்சு வாங்கினான்.

“மிஸ், புள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?”

“கான் இருக்கு, பாத்து காலை வைங்க.”

வடிகாலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனார்கள்.

“ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறுங்கிறது ரொம்பக் குறைவா மிஸ்?”

“நீங்க பொறக்கும்போது எவ்வளவு?”

“தெரியாது.”

“அம்மாகிட்ட கேட்டதில்லையா?”

“இல்ல.”

“கேளுங்க,” என்று மேலே ஏறினார்.

இப்படியே இருந்தது பேச்சு. நேராக ஒரு கேள்வி கேட்டால், அது அவரிடம் போய் வேறு ஏதோ ஒன்றாகத் திரும்பி வந்தது. இருபத்தைந்து வருடமாக லயங்களில் பிரசவ வேதனையில் இருக்கிற பெண்கள் “மிஸ், நல்லபடியா பொறந்துடுமா?” என்று கேட்கும்போதெல்லாம் “மூச்சை இழுத்து விடு” என்று சொல்லியே பழகினவர். திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருக்கும் என்று றொனால்டுக்குத் தோன்றியது. தான் ஒரு கழுதை என்று தானே சொல்லிப் பார்த்தான். அவர் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. “கழுதை சுமக்குமே, பையை இந்தத் தோளுக்கு மாத்துங்க, நனையுது,” என்றார்.

ஆறாம் லயத்தின் முதல் காம்பரா வாசலில் கந்தப்பன் என்கிற பெரியவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். பையிலிருந்து எட்டிப் பார்த்த தராசுக் கொக்கியைப் பார்த்துவிட்டு, “என்னங்க சார், மரக்கறி நிறுக்கவா? இங்க லீக்ஸெல்லாம் முடிஞ்சிருச்சே,” என்றார்.

“புள்ள நிறுக்க வந்தோம் ஐயா,” என்றான் றொனால்ட்.

“அப்ப நேரத்தோட வந்திருக்கணும்,” என்றார் கந்தப்பன், கோடரியைப் பார்த்துக்கொண்டே. றொனால்ட் கோடரிக்குக் கிட்டேயே போய்விட்டான்.

“ஏன், என்ன ஆச்சு?”

“மழை வருதுல்ல,” என்றார் பெரியவர்.

அந்த லயத்தில் யாரும் அவனுக்கு நேராகப் பதில் சொல்வதில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள் போல.

ஐந்தாவது காம்பரா. பிள்ளையின் தாய் ஷாமிலாவுக்கு இருபத்துநான்கு வயது. புருஷன் துஷாந்த் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. காம்பராவுக்குள் அடுப்புச் சூடு, வேப்பிலை வாசனை. கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சேலை மடிப்புக்குள்ளே, முகம் மட்டும் வெளியே தெரிய, அட்டை நம்பர் 0417 தூங்கிக்கொண்டிருந்தது. கோப்பில் நான்கு இலக்கமாகப் பார்த்தது. இங்கே அதற்குப் புருவம் இருந்தது. புருவத்தை நெறித்து வைத்திருந்தது.

“எப்பிடி இருக்கா?” என்றான் றொனால்ட்.

“சொகமா இருக்காங்க சார். டீ குடிக்கிறீங்களா?”

“பால் நல்லா குடிக்கிறாளா?”

“குடிக்கிறாங்க சார். இஞ்சி போட்டா, சும்மாவா?”

றொனால்ட் லயத்துக்காரன். ‘சொகமா இருக்கு’ என்றால் அதற்குள் காய்ச்சலும் இருக்கலாம், கண்ணீரும் இருக்கலாம் என்று அவனுக்குத் தெரியும். வெளியிலிருந்து சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஒருவன் வந்து கேட்டால் அவன் அம்மாவும் அதைத்தான் சொல்வார். இப்போது சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பது அவன். 

நிரோஜினி மிஸ் கையைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கினார். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துவிட்டுப் பார்த்தார். உத்தரத்தில் கயிறு கட்டி, தராசை மாட்டி, தூளியில் பிள்ளையைப் போட்டார். பிள்ளை விழித்துக்கொண்டு காலை உதைத்தது. தராசில் இலக்கம் ஓடியது. ஒன்று புள்ளி ஒன்பது, இரண்டு புள்ளி ஆறு, இரண்டு புள்ளி ஒன்று. றொனால்ட் எட்டிப் பார்த்தான். நிரோஜினி மிஸ் தன் உள்ளங்கையால் இலக்கத்தை மறைத்தார்.

“ஆடுறப்ப பாக்கக்கூடாது. பொய் சொல்லும்.”

பிள்ளை அடங்கியது. அவர் கையை எடுத்துப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், தராசை அணைத்தார். இலக்கம் போய்விட்டது. பிள்ளையைத் தாயிடம் கொடுத்து, “குடுங்க, நான் பாக்கணும்,” என்று பால் கொடுக்கிற விதத்தைப் பார்க்க உட்கார்ந்தார். றொனால்ட் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சுவரில் ஒரு நாட்காட்டி. வருகிற சனிக்கிழமையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது.

“தலையை இன்னும் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க. ஆங், இப்ப எப்பிடி இழுக்கிறா பாருங்க. இத்தனை நாள் நுனியைத்தான் சப்பிக்கிட்டு இருந்திருக்கா.”

“யாரும் சொல்லலைங்க மிஸ்,” என்றாள் ஷாமிலா மெதுவாக.

சுவரைப் பார்த்தபடியே றொனால்ட் பேசினான். பேசும்போது நகைச்சுவை ஏதாவது கிடைக்குமா என்று வழக்கம் போல ஒரு கை தேடியது. கிடைக்கவில்லை.

“அது என்னாலதான். யாரு யாரு வீட்டுக்கு வரணும்னு லிஸ்ட் போட்டது நான். பேர் வைக்காத புள்ளைங்களையெல்லாம் கொம்பியூட்டர்ல தொலைச்சிட்டேன். உங்க புள்ள பேரு வர்ற இடம் சும்மா இருந்திச்சு. அங்க ஒண்ணும் இல்லைன்னு நெனச்சிட்டேன்.”



“அவ்வளவுதானா?” என்றாள் ஷாமிலா.

றொனால்ட் திரும்பிவிட்டான். அவள் சேலையை மூடிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபத்தைத் தேடினான். இல்லை. வேறு ஏதோ இருந்தது, மூன்று வாரமாக இறுக்கி வைத்திருந்த ஒன்று அவிழ்ந்த மாதிரி.

“நான் வேற நெனச்சேங்க சார். எனக்கு தோட்டத்துல தொழிலாளியா பேர் பதிவு இல்ல. அவருக்கும் இல்ல, கொழும்புலதானே. போன வருசம் காம்பரா கூரைக்குத் தகரம் குடுக்கிறப்பவும் எங்கள விட்டுட்டாங்க. பதிவு இல்லாதவங்க புள்ளைன்னு இதையும் விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். மொதல் வாரம் மழைக்குள்ள வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். நாலாம் லயம் வரைக்கும் புது மிஸ் வந்து போனாங்கன்னு சொன்னாங்க. அப்புறம் பாக்கல. முப்பது கழியாம நான் எறங்கவும் முடியாது.”

றொனால்ட் பையிலிருந்து நோட்டை எடுத்தான். ஏதாவது செய்யாவிட்டால் அழுதுவிடுவான் போலிருந்தது. நிரோஜினி மிஸ்ஸின் அதே நோட்டு, மழையில் ஊறின அந்தப் பப்படம்தான். அதில் புதுப் பக்கத்தில் 0417 என்று எழுதினான். பிறகு பேனாவை மெல்ல நகர்த்தி நகர்த்தி, சின்னச் சின்னப் புள்ளியாக இருபது இடம் விட்டான். அதற்குப் பிறகு ஆறு என்று லயத்தின் நம்பர். இருபத்தேழு என்று நாள்.

ஷாமிலா எட்டிப் பார்த்தாள். “அது என்ன சார், நடுவுல அவ்வளவு எடம்?”

“அது பாப்பா பேருக்கு.”

“அவ்வளவா?”

“இருபது எழுத்து வரைக்கும் வைக்கலாம்.”

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். “அவரு ரெண்டெழுத்துல ஸ்டைலா வைக்கணும்னு நிக்கிறாரு. மாமியார் வேலாயின்னு குலதெய்வம் பேரு வைக்கணும்னு நிக்கிறாங்க. இருபதுன்னா ரெண்டையும் போட்டுட்டு எனக்கும் ஒண்ணு மிஞ்சும் போலருக்கே.”

“தாராளமா மிஞ்சும். சனிக்கிழமை வைக்கிறீங்களா?”

“சனிக்கிழமைதான். நீங்களும் வாங்க சார். பாயசம் இருக்கும்.”

றொனால்ட் தலையை நோட்டுக்குள் புதைத்துக்கொண்டான். எழுத அடுத்தது நிறைக்கான இடம். நான்கு இலக்கம். பேனாவை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நிரோஜினி மிஸ்ஸைப் பார்த்தான். அவர் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிள்ளை தன் உருவத்துக்குப் பொருந்தாத ஒரு பெரிய ஏப்பம் விட்டது.

“மிஸ்,” என்றான். “நானும் காலையிலருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். கான் இருக்குங்கிறீங்க, பை நனையுதுங்கிறீங்க, எங்கம்மாகிட்ட கேக்கச் சொல்றீங்க. இந்த ஒரு தடவை நேரா சொல்லிருங்க. நெற போதுமா? இவ தேறிடுவாளா?”

நிரோஜினி மிஸ் ஷாமிலாவை ஒரு தடவை பார்த்தார். அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள். மிஸ் பிள்ளையின் தலையைத் தன் தாடையால் மெல்லத் தொட்டார்.

“போதாது,” என்றார். “இருநூறு கிராமுக்கு மேல குறையுது, அந்த மூணு வாரம் நீங்க தொலைச்சதுதான். நாளைக்குக் காலையில இவளை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போய் டொக்டர்கிட்ட காட்டுறேன். தீட்டைப் பத்தி மாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன். அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் ஏறி வந்து நிறுப்பேன், தராசை நீங்கதான் தூக்கிக்கிட்டு வரணும். தோல் நல்லா இருக்கு, கண்ணு தெளிவா இருக்கு, இப்ப பாலும் இழுக்கிறா. தேறிடுவா றொனால்ட். எழுதுங்க, ரெண்டாயிரத்து இருநூத்தி நாப்பது.”